ஒரு விரல் இடம் விட்டவள்

எல்ட்ரித் உட்கார்ந்து காப்பி குடித்ததைப் பார்த்தவர்கள் எங்கள் ஸ்கோர்டால் பள்ளத்தாக்கில் குறைவு. நின்றுகொண்டு குடிப்பாள், நடந்துகொண்டு குடிப்பாள். பாதிக் கோப்பையைத் தபால் வண்டியின் கூரைமேல் வைத்துவிட்டு அப்படியே வண்டியைக் கிளப்பிக்கொண்டும் போவாள். சாலையோரப் பள்ளத்தில் விழுந்து கிடக்கும் கோப்பைகளைக் கண்டெடுத்தவர்கள் துடைத்துக் கொண்டுவந்து அவள் வீட்டுப் படியில் வைப்பார்கள். அவள் கணவன் தார்யை இதற்கு நேர்மாறு. ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து குறுக்கெழுத்தைக் கையில் எடுத்தானென்றால் வீடு பற்றிக்கொண்டாலும் கடைசிக் கட்டத்தை நிரப்பிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

"அந்த வீட்ல ஒருத்தி ரெண்டு பேருக்கும் சேத்து ஓடுறா. ஒருத்தன் ரெண்டு பேருக்கும் சேத்து உக்காந்திருக்கான். கணக்கு சரியாப் போச்சு" என்பார் பக்கத்துப் பண்ணைக் கிழவர் ஹல்வோர்.

எல்ட்ரித் பிறந்தது மேல்பண்ணையில். வீட்டுக்குப் பின்னால் க்விதா ஓடை. அதுதான் கீழே போய் மற்ற ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு ஆறாகிறது. பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு அவள் ஊரைவிட்டுக் கிளம்பினாள். வடக்கே மீன் ஆலையில் வேலை, பிறகு சரக்குக் கப்பலில் சமையல், பிறகு ஏதோ ஒரு துறைமுக ஊரில் விடுதிச் சலவை. எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. அவள் அப்படி அலைந்த வருஷங்களில் பண்ணையில் பால் கறந்து, சாணி அள்ளி, படுத்துவிட்ட அப்பாவைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டவள் தங்கை குன்வோர். அப்பா இறந்தார். எங்கள் நாட்டில் பண்ணையைப் பங்கு போடுவதில்லை. மூத்த பிள்ளை, ஆணோ பெண்ணோ, கேட்டால் பண்ணை அந்தப் பிள்ளைக்கு. எல்ட்ரித் கேட்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. அவள் கப்பலிலிருந்து இறங்கி வந்து கேட்டாள்.

சட்டம் அவள் பக்கம் இருந்தது. நியாயம் யார் பக்கம் என்பதை ஊர் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. குன்வோர் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கணவாய்க்கு அந்தப் பக்கம் லிண்டால் பள்ளத்தாக்குக்குப் போனாள். அங்கே ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் சவ அடக்கங்களில் பார்த்துக்கொண்டார்கள், கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பிக்கொண்டார்கள். அட்டையில் அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே பெயர் மட்டும் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் மின்சாரக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் தலைக்கு மேலே, மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கும் மேலே, ஸ்வார்த்தன் என்று ஓர் ஏரி உண்டு. அதன் அடியில் சுரங்கம் குடைந்து, தண்ணீரை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். க்விதா என்னவாகும் என்று கேட்டோம். ஏரிக்கும் க்விதாவுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். கண்ணுக்குத் தெரிகிற சம்பந்தம் இல்லைதான். ஏரி நிரம்பினால் வடக்கே வழிகிறது. க்விதா ஏரிக்கு வெகு கீழே, பாறைச் சரிவின் காலடியில், கற்களுக்கு நடுவிலிருந்து திடீரென்று கிளம்புகிறது.

ஹல்வோரிடம் சாட்சி இருந்தது. "எங்க தாத்தா ஏரியில மீன் பிடிக்கறப்ப தொப்பி தண்ணியில விழுந்துச்சு. அடுத்த வாரம் க்விதாவுல வந்து நின்னுச்சு. அதே தொப்பி!" அந்தத் தொப்பிக் கதையை அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னார். உரிமம் கொடுக்கும் ஆணையம் தொப்பியை ஏற்றுக்கொள்ளவில்லை. தண்ணீரைச் சோதித்துப் பார்க்கலாம் என்றது. க்விதாவில் பாதிக்கு மேல் ஏரித் தண்ணீராக இருந்தால் ஸ்வார்த்தனை யாரும் தொடக் கூடாது என்று முடிவு சொன்னது. சோதிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து சிக்னே என்ற பெண் வந்தாள். முதுகுப்பை நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்கள்.

ஓடைத் தண்ணீரை வருஷம் முழுக்க எடுக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஊரில் இப்படிப்பட்டதெல்லாம் கூட்டு வேலை. பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் பூசுவது மாதிரி, பாலத்தில் பனி அள்ளுவது மாதிரி, கூலி கிடையாது, முடியாது என்று சொல்லும் வழக்கமும் கிடையாது. தினமும் தபால் வண்டியில் சுற்றுகிறவள் என்பதால் எல்லோரும் எல்ட்ரித்தைப் பார்த்தார்கள். அவள் அதற்குள் எழுந்து நின்றிருந்தாள்.

சிக்னே அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து விளக்கினாள். "எல்லாத் தண்ணியும் ஒரே மாதிரி இல்ல. தண்ணியிலயே லேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. ஐசோடோப்புன்னு சொல்வோம். ஏரி கோடை முழுக்க வெயில்ல கெடக்குதுல்ல, லேசானது முதல்ல ஆவியாப் போயிடும். கனமானது தங்கிடும். மலைமேல விழற பனி அப்படி இல்ல, அது லேசு. ஓடைத் தண்ணி எவ்வளவு கனம்னு பாத்தா அது ஏரியிலேருந்து வந்ததா, பனியிலேருந்து வந்ததான்னு சொல்லிடலாம்."

தார்யை குறுக்கெழுத்திலிருந்து தலையைத் தூக்கினான். "விருந்து முடிஞ்சா ஒல்லியா இருக்கறவங்க முதல்ல எழுந்து போயிடற மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அப்ப நான் ஏரி. இவ பனி."

சிக்னே சிரித்தாள். எல்ட்ரித் சிரிக்கவில்லை, வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். "பாட்டிலத் தண்ணிக்குள்ளயே முக்கி, தண்ணிக்குள்ளயே மூடிடுங்க. உள்ள கொஞ்சம்கூடக் காத்து இருக்கக் கூடாது. ஏன்னா..." என்று சிக்னே தொடங்கியபோது எல்ட்ரித் வாசலுக்குப் போய்விட்டாள்.

"புரிஞ்சுது, புரிஞ்சுது! முழுசா நிரப்பணும், அவ்வளவுதானே!" என்ற குரல் முற்றத்திலிருந்து கேட்டது. ஏன் என்பதைக் கேட்கத் தார்யை மட்டுமே அங்கே இருந்தான். அவனோ அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டான்.

இலையுதிர் காலம் முழுக்க எல்ட்ரித் ஒழுங்காகச் செய்தாள். பாறைச் சரிவுவரை ஏறிப் போய், முழங்கை நனைய முக்கி, தண்ணீருக்குள்ளேயே மூடினாள். முதல் கடும் உறைபனி விழுந்த அன்று வண்டியில் பாட்டில் வெடித்தது. ஹல்வோருக்கு வந்த வரி அலுவலகக் கடிதத்தின்மேல் கண்ணாடிச் சில்லும் பனிக்கட்டியும் ஒட்டிக்கொண்டன. அவர் அதையே சாக்காக வைத்து வரி கட்டத் தாமதித்தார்.

குளிர்நாட்டில் பிறந்த எவருக்கும் இது தெரியும். சாறோ பாலோ தண்ணீரோ, குளிரில் வைக்கிற பாட்டிலில் ஒரு விரல் இடம் விடவேண்டும். உறையும்போது தண்ணீர் வீங்கும், இடம் இல்லாவிட்டால் வெடிக்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, கம்பளிக் காலுறை போடு என்று யாரும் சொல்லாதது மாதிரி. எல்ட்ரித் அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு விரல் இடம் விட்டாள். சின்னப் பாட்டிலில் ஒரு விரல் என்றால் கணிசமான இடம். மூடியையும் இறுக்காமல் லேசாக வைத்தாள். மறுபடி உறைந்துவிடக் கூடாதே என்று, கையுறைகள் காய்கிற அடுப்பறை அலமாரியில் வரிசையாக அடுக்கினாள். அக்கறையாகத்தான் செய்தாள், முட்டைக்குக் கோழி காட்டுகிற அக்கறை. பனி உருகத் தொடங்கியதும் எல்லா மூடியையும் இறுக்கி, துடைத்து, பெட்டியில் வைத்துத் தானே தபாலில் அனுப்பினாள்.

முடிவைச் சொல்ல சிக்னே பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தாள். அப்பம் சுடும் வாசனை மண்டபமெங்கும் இருந்தது, மேசையில் பழுப்புப் பாலாடைக்கட்டி, ஜாம். அவள் முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. "பாதிக்கும் மேல" என்றாள். "க்விதாவுல ஓடறது பாதிக்கும் மேல ஸ்வார்த்தன் ஏரித் தண்ணி."

மண்டபம் அதிர்ந்தது. ஹல்வோர் நாற்காலிமேல் ஏறி நின்று, "தொப்பி! நான் சொன்னேனா இல்லையா, தொப்பி!" என்று கத்தினார். எல்ட்ரித்தைத் தோளில் தட்டாத ஆள் இல்லை. அவள் அன்று ஒரு முழு அப்பத்தை உட்கார்ந்து தின்றாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஸ்வார்த்தன் தப்பியது. ஆனால் கம்பெனிக்கு ஓர் ஏரி வேண்டும். அவர்கள் வரைபடத்தில் கொஞ்சம் கிழக்கே நகர்ந்து, லிண்டாலுக்கு மேலே இருக்கிற லாங்கன் ஏரியில் விரலை வைத்தார்கள்.

குன்வோர் தொலைபேசியில் அழைத்தாள். பண்ணையை விட்டுப் போன பிறகு அவளாக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"உன் ஏரி பொழச்சுக்கிச்சு போல."

"கேள்விப்பட்டியா?"

"கேள்விப்படாம? அங்க கெளம்புன வண்டியெல்லாம் இங்க வந்து நிக்குது. எங்க ஓடைக்கும் லாங்கனுக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்றாங்க. கேட்ட மாதிரி இருக்கா? மொதல்ல பண்ணை. இப்ப தண்ணி. அடுத்தது என்ன வேணும்னு முன்கூட்டியே சொல்லிடு எல்ட்ரித், எடுத்து வாசல்ல வைக்கறேன்."

தொலைபேசியை வைத்துவிட்டாள். எல்ட்ரித் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி முற்றத்தில் போய் நின்றாள், திரும்ப உள்ளே வந்தாள், மறுபடி முற்றத்துக்குப் போனாள். பிறகு சிக்னேயை அழைத்து, லிண்டாலிலும் அதே சோதனையைச் செய்யச் சொன்னாள். சொல்லவில்லை, நச்சரித்தாள். சிக்னே ஒத்துக்கொண்டதும் அவளைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு கணவாயைத் தாண்டினாள்.

லிண்டால் ஓடைக்கரையில் குன்வோர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்காவுக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். சிக்னே பாட்டிலை முக்கி, நீருக்குள்ளேயே மூடிக் காட்டினாள். குன்வோர் அவசரப்படுகிற ஆள் இல்லை. எதையும் முழுசாகக் கேட்டு முடித்த பிறகுதான் கையை நீட்டுவாள்.

"காத்து இருந்தா என்ன?"

"உள்ள காத்து இருந்தா லேசான தண்ணி பாட்டிலுக்குள்ளயே ஆவியாயிடும். மூடியும் லூசா இருந்துச்சுன்னா வெளிய போயிடும். மிச்சம் இருக்கறது கனமாயிட்டே வரும். சூடான எடத்துல நாள்கணக்கா வெச்சா, சுத்தமான பனித் தண்ணிகூட ஏரித் தண்ணி மாதிரி வேஷம் போடும்."

"குளிர்ல வெடிச்சா?"

"அட, ஆமால்ல. உங்களுக்குப் பிளாஸ்டிக் பாட்டில் தர்றேன். நான் கடலோரத்துக்காரி, போன தடவை எனக்கு இது தோணவே இல்ல." சிக்னே சிரித்தபடி எல்ட்ரித் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஒண்ணும் வெடிக்கலையே?"

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் எல்ட்ரித். அந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்ன மாத்திரத்தில் அவள் கன்னம் சூடானது. ஓடைக்குக் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் அவளைப் பார்த்தவர்கள் ஏதோ வியாதி என்றே நினைத்தார்கள். அடுக்கி வைத்த விறகைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். மேல்வீட்டுத் தபாலைக் கீழ்வீட்டிலும் கீழ்வீட்டுத் தபாலைச் சர்ச்சிலும் போட்டாள். அடுப்பறை அலமாரியைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஸ்வார்த்தன் தண்ணீர்தான் க்விதாவில் ஓடுகிறது என்பது நிஜமாகவே உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அந்த அடுப்பறைச் சூடு சொன்ன பதிலைத்தான் ஊர் கொண்டாடியது. அந்தப் பதிலுக்காகத்தான் இப்போது தங்கையின் தலைக்கு மேலே மலையைக் குடையப் போகிறார்கள். தங்கையின் தண்ணீரைச் சோதிக்கிறார்கள்தான். ஆனால் முடிவு வர வருஷமாகும், கம்பெனியோ அதற்கு முன்பே லாங்கனில் வேலையைத் தொடங்க அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது.

தார்யையிடம் சொன்னாள். அவன் குறுக்கெழுத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். அதைப் பார்த்துத்தான் விஷயம் எவ்வளவு பெரிது என்று அவளுக்கே உறைத்தது.

"சொல்லாட்டி என்ன ஆகும்?"

"குன்வோர் ஓடை போயிடும்."

"சொன்னா?"

"நம்மளுது போகலாம்."

"நம்ம மாட்டுக்குத் தண்ணி?"

"எனக்குத் தெரியாதா? நான் வேற எதப் பத்தி யோசிச்சுட்டிருக்கேன்னு நெனைக்கற!" அவள் அடுக்களையைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தாள். "அவகிட்டேருந்து ஒரு தடவ எடுத்துட்டேன் தார்யை. அப்ப சட்டம்னு சொல்லிக்கிட்டேன். இந்தத் தடவ சொல்லிக்க என்ன இருக்கு?"

தார்யை அவளுடைய கோட்டை எடுத்து வந்து நீட்டினான்.

முதலில் ஹல்வோரிடம் போனாள். ஊர்க் கூட்டு வேலையில் ஊருக்குத் தெரியாமல் முடிவெடுக்கக் கூடாது என்பது அவள் எண்ணம். கிழவர் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார்.

"ஒரு விரல்! ஒரு விரல் எடத்துக்காக ஏரியத் தூக்கிக் குடுப்பியா? வாய மூடிட்டு உன் தபால குடு. தொப்பி வந்துச்சுல்ல க்விதாவுக்கு? எங்க தாத்தா தொப்பி..."

"உங்க தாத்தா தொப்பியே போட்டதில்ல ஹல்வோர். உங்க வீட்டுச் சுவத்துல இருக்கற எல்லாப் படத்துலயும் வெறுந்தலையாத்தான் நிக்கறாரு."

"அதான் தண்ணியில போயிடுச்சே!" என்று கத்தினார் ஹல்வோர். பிறகு குரல் இறங்கியது. "எல்ட்ரித், ஊர் உன்ன மன்னிக்காதும்மா. நானும்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். பல்கலைக்கழகம் இருக்கிற ஊருக்கு அரைநாள் ஓட்டம். வழியில் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்பிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

சிக்னே அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் சரிந்தாள். "பாட்டிலத் தெறந்து சோதிச்சது வேற ஆளு. தண்ணி கொறையுதேன்னு அவரு கேட்டாரு. தபால்ல சிந்தியிருக்கும்னு சொன்னது நான்தான்" என்றாள். "எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும். குளிர்காலத் தொடக்கத்துல எடுத்ததெல்லாம் ரொம்பக் கனம், கடைசியா எடுத்தது அவ்வளவு இல்ல. ஏரி போகப்போக உறைஞ்சுடுது, அதனாலன்னு நானே ஒரு காரணம் சொல்லிக்கிட்டேன். அந்த முடிவு வரணும்னு எனக்கும் ஆச."

"இப்ப என்ன பண்ணணும்?"

"மறுபடி எடுக்கணும். ஆணையத்துக்கு நான் சொல்றேன். நான் சொல்லட்டுமா, இல்ல இப்படியே..."

"சொல்லு" என்றாள் எல்ட்ரித். அவள் எழுந்து கதவுவரை போய்விட்டு, இந்தத் தடவை திரும்பி வந்தாள். "எப்படி எடுக்கணும்னு முழுசாச் சொல்லு. நான் நிக்கறேன்."

ஆணையம் இரண்டு ஏரிகளிலும் வேலையை நிறுத்திவைத்தது. மறுபடி ஒரு வருஷம். அந்த வருஷம் எல்ட்ரித் தனியாகப் பாறைச் சரிவுக்கு ஏறவில்லை. ஒவ்வொரு தடவையும் ஊரிலிருந்து ஒருவர் உடன் வந்தார், அவள் சரியாக எடுக்கிறாளா என்று பார்க்க. ஹல்வோரும் முழங்கால் வலியோடு ஏறி வந்து, பேசாமல் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் இறங்கினார். கடைச் சாமான் வாங்கப் போனால் பேச்சு நின்றுபோகும். எங்கள் ஊரில் யாரும் யாரையும் திட்டுவதில்லை, அது எங்கள் பழக்கம் இல்லை. வானிலை பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவோம், அதுவே போதும். சாலைப் பள்ளத்தில் விழுந்த காப்பிக் கோப்பைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. அவளுக்குத் தூக்கம் போயிற்று, எடை குறைந்தது. குன்வோரிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. கிறிஸ்துமஸ் அட்டை வந்தது, பெயர் மட்டும் இருந்தது.

இரண்டு முடிவுகளும் ஒன்றாக வந்தன. லிண்டால் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் லாங்கன் ஏரித் தண்ணீர். அதை யாரும் தொடமுடியாது. க்விதா வேறு கதை. பாறைச் சரிவின் கற்களுக்கடியில் பழைய பனி தேங்கிக் கிடக்கிறது, வருஷம் முழுக்க அதுதான் கசிகிறது. ஸ்வார்த்தனின் பங்கு கொஞ்சம்தான், அதுவும் கோடை முடிகிற நாட்களில் மட்டும். ஆணையம் சொன்ன அளவுக்கு அது போதாது.

ஸ்வார்த்தனைக் குடைந்தார்கள். வெடி வைத்த ஒவ்வொரு தடவையும் மேல்பண்ணை ஜன்னல்கள் நடுங்கின. எல்ட்ரித் வெளியே ஓடிவந்து மலையைப் பார்ப்பாள், பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. ஏரி இறங்கியது. கரையைச் சுற்றி வெளுத்த பாறை வளையம் தெரிய ஆரம்பித்தது.

க்விதா ஓடிக்கொண்டுதான் இருந்தது. சோதனை சொன்னது சரி. வசந்தத்தில் கரை புரண்டது, கோடை நடுவிலும் குறையவில்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் மழை பொய்த்தது. கற்களுக்கடியில் இருந்த பனி தீர்ந்துபோனது. ஏரியின் அந்தக் கொஞ்சப் பங்கு வந்துசேர வேண்டிய நாட்கள் அவை. அது வரவில்லை. க்விதா ஒரு குழாய்க் கசிவு அளவுக்கு இளைத்தது. கம்பெனி ஆழ்துளைக் கிணறு போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தது, அடுத்த வசந்தத்தில். மாடுகள் வெறும் தொட்டிக்கு முன்னால் நின்று கத்தின. எல்ட்ரித் கீழ்ப்பண்ணைக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தூக்கினாள். தார்யையும் தூக்கினான், அவன் குறுக்கெழுத்துப் பக்கம் போகவே இல்லை. கீழ்ப்பண்ணைக்காரர்கள் தண்ணீரைத் தடுக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஒரு மத்தியானம், இரண்டு கையிலும் வாளியோடு மேடேறி வந்தவள் முற்றத்தில் ஒரு வண்டி நிற்பதைப் பார்த்தாள். பின்னால் இழுவண்டியில் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. குன்வோர் குழாயை இழுத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அந்த முற்றத்தில் கால் வைக்கிறாள். எங்கே எது இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் நேரே மாட்டுத் தொட்டிக்குப் போய்க் குழாயைப் போட்டாள்.

"லிண்டால் தண்ணி" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "ஏரித் தண்ணி. சோதிச்சது."

எல்ட்ரித்துக்கு வாளிகளைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. மாடுகள் முட்டிக்கொண்டு வந்து குடித்தன. குழாய் விக்கி விக்கிக் கொட்டியது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் எடத்துல நான் இருந்திருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்றாள் குன்வோர்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா போய்ச் சொன்ன?"

"தெரிஞ்சுதான்."

குன்வோர் இப்போதுதான் அக்காவை முழுசாகப் பார்த்தாள். இளைத்த தோளை, தண்ணீர் தளும்பி நனைந்திருந்த காலணியை. "இதுக்காகப் பண்ணை விஷயத்த நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"நெனைக்காத." தண்ணீர் தீர்ந்தது. குன்வோர் குழாயைச் சுருட்டி இழுவண்டியில் எறிந்தாள், கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள். "வெள்ளிக்கிழமை மறுபடி வர்றேன். அதுக்குள்ள அந்தத் தொட்டியத் தேச்சு வை. பாசி புடிச்சு நாறுது. அப்பா இருந்தப்ப அத நான் வாராவாரம் தேச்சேன்."

எல்ட்ரித்துக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. மாடுகள் தொட்டியைக் காலி செய்துவிட்டு நகர்ந்தன. குன்வோரின் வண்டி பாலத்தைத் தாண்டுவதற்குள் அவள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டாள்.